மாணவர் புத்தாக்கம்: போட்டி மேடையும் களமும்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் கடைத்தெருவுக்குச் சாலை என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் காலத்தில் உருப்பெற்ற இச்சந்தையில் தமிழ் வணிகரும் மலையாள வணிகரும் தலைமுறை தலைமுறையாக அருகருகே கடை நடத்தி வருகின்றனர். அரிசி, பலசரக்கு, காய்கறி, பாத்திரம், பூ எனப் பலவகைச் சரக்குகள் நாள்தோறும் இங்கு வந்து இறங்குகின்றன. நாள்தோறும் கழிவும் சேர்கின்றது. பலத்த மழை பெய்தால் கிழக்கேகோட்டை, தம்பானூர் வட்டாரங்களில் வெள்ளம் தேங்குவது நெடுநாளையப் பிரச்சினை. வடிகால்களின் அடைப்பையும் ஆக்கிரமிப்பையும் நீக்க 2015-ஆம் ஆண்டில் 'ஆபரேஷன் அனந்தா' என்னும் பெயரில் ஒரு தனி இயக்கமே நடத்தப்பட்டது.

சாலையிலிருந்து சிறிது தொலைவில், தம்பானூரிலுள்ள மத்திய ரயில் நிலையத்தின் இருப்புப் பாதைகளுக்கு அடியில், ஆமையிழஞ்சான் தோடு என்னும் ஓடை செல்கின்றது. 2024 ஜூலை 13 அன்று அங்கே குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மழை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். ஓடையில் அடர்ந்து கிடந்த குப்பை தேடுதலுக்குப் பெருந்தடையாயிற்று. இரண்டு நாள் தேடலுக்குப் பின்னர் அவருடைய உடல்தான் கிடைத்தது. தீயணைப்புப் படையினரும் முக்குளிப்போரும் ஈடுபட்ட அத்தேடலில், படக்கருவி பொருத்திய தானியங்கி இயந்திரங்களும் பயன்படுத்தப்பட்டன. அவற்றை அளித்த நிறுவனம், கேரளத்துப் பொறியியற் கல்லூரி ஒன்றில் மாணவர் குழுவாகத் தொடங்கியதாகும்.

மாணவர் குழுக்கள் தம் கண்டுபிடிப்புகளைப் போட்டிகளில் எடுத்துரைப்பது இன்று கல்வியின் ஒரு பகுதியாகிவிட்டது. அவ்வாறு எடுத்துரைக்கப்படுபவற்றுள் பல, பரிசளிப்பு விழாவுடன் முடிவடைகின்றன. சில மட்டும் மக்களிடம் சென்று சேர்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு மேடைப் பேச்சுத் திறனில் இல்லை. மேடைக்கு வருமுன் களத்தில் செய்த வேலையில்தான் உள்ளது. எடுத்துரைத்தல் என்பது அந்த வேலையை நடுவர்முன் ஒழுங்குபடக் காட்டும் முறையேயன்றி வேறன்று.

போட்டிகளின் அமைப்பு

பள்ளி மாணவரைப் பொறுத்தவரை, தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடைபெற்று வருகின்றது. 10 முதல் 17 வயது வரையிலான சிறுவர், சிறுமியர் தம் ஊரின் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு, வழிகாட்டி ஒருவரின் துணையுடன் ஆராய்ந்து, மாவட்டம், மாநிலம், தேசம் எனப் படிப்படியாக எடுத்துரைப்பது இதன் முறை. இதன் 27-ஆவது மாநாடு 2019 டிசம்பரில் திருவனந்தபுரத்திலேயே கூடியது. தூய்மையான, பசுமையான, நலமிக்க தேசத்திற்கான அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்கம் என்பது அதன் கருப்பொருளாக இருந்தது.

கல்லூரி மாணவருக்கு மத்திய அரசு நடத்தும் பெரும் போட்டி, 2017-இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் ஆகும். மத்திய அமைச்சகங்கள், மாநில அரசுத் துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள் முதலியன தாம் எதிர்கொள்ளும் பிரச்சினைகளை வரையறுத்து வெளியிடுகின்றன. மாணவர் குழுக்கள் அவற்றுக்குத் தீர்வு காண முயல்கின்றன. குழுவில் ஆறு மாணவர் இருக்க வேண்டும். அவருள் ஒருவரேனும் மாணவியாக இருத்தல் கட்டாயம். முதலில் கல்லூரிக்குள்ளேயே ஒரு தேர்வு நடைபெறுகின்றது. மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று இடைவிடாத 36 மணி நேர உழைப்பாகும். கருவிகளை உருவாக்கும் பிரிவு 2018-இல் சேர்க்கப்பட்டது. அதன் இறுதிச் சுற்றுக்குச் சில நாள்கள் அளிக்கப்படுகின்றன.

இப்போட்டியின் மதிப்பீட்டு விதிகளை உற்று நோக்குவது பயன் தரும். கருத்தின் புதுமை, சிக்கலின் அளவு, விளக்கத்தின் தெளிவு, செய்து முடிக்கும் வாய்ப்பு, நடைமுறைப் பொருத்தம், நீடித்து நிற்கும் தன்மை, பயனின் பரப்பு, பயன்படுத்துவோரின் அனுபவம், மேலும் வளர்வதற்கான இடம் ஆகியவை அவை. புதுமை இவற்றுள் ஒன்று மட்டுமே. பயன்படுத்துவோரையும் பயனையும் பற்றியவை அதனினும் மிகுதி. ஆயினும் மாணவர் பலர் தம் நேரத்தின் பெரும்பகுதியைப் புதுமையை நிலைநாட்டுவதிலேயே செலவிட்டு விடுகின்றனர்.

பிரச்சினையை வரையறுத்தல்

நல்ல எடுத்துரைப்பின் பாதி, பிரச்சினையைச் சரியாகச் சொல்வதில் அடங்கியுள்ளது. சாலைக் கடைத்தெருவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 'சந்தையில் கழிவுநீர் அடைப்பு மிகுதி. அதைத் தீர்க்க ஓர் இயந்திரம் செய்துள்ளோம்' என்று ஒரு குழு கூறுமாயின், நடுவருக்கு அதிலிருந்து எதுவும் விளங்காது. அடைப்பு எந்த இடத்தில் ஏற்படுகின்றது? அடைப்பது காய்கறிக் கழிவா, பிளாஸ்டிக் பையா, மண்ணா, எண்ணெய்ப் படிவா? ஆள்நுழை குழியின் வாய் எத்தனை அங்குலம்? இப்போது அதைத் திறந்து சுத்தம் செய்பவர் யார்? அவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கின்றது? சரக்கு வண்டிகள் நிற்கும் காலை வேளையில் அங்கு இயந்திரத்தை நிறுத்த இடம் உண்டா? இவ்வினாக்களுக்கான விடைகளை நூலகத்தில் பெற இயலாது. அளவு நாடாவும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு பலமுறை அங்கு சென்று வந்தால்தான் கிடைக்கும். 1939-இல் தொடங்கப்பட்ட அரசுப் பொறியியற் கல்லூரி உட்படப் பல கல்லூரிகள் உள்ள இந்நகரில், சாலையைப் போன்ற களங்கள் மாணவரின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.

அளவைகளுடன் அறிவியல் அடிப்படையும் சேர வேண்டும். மூடிய சாக்கடையில் இறங்குவோர் உயிரிழப்பது ஏன் என்பதை இங்கு நோக்கலாம். அழுகும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் முதலிய வாயுக்கள் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. ஆகையால் குழியின் அடியில் தங்கிவிடும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும் இவ்வாயு, பத்து லட்சத்தில் 100 பங்கு என்னும் அளவை எட்டும்போது முகரும் உணர்வையே மழுங்கச் செய்துவிடுகின்றது. நாற்றம் நின்றுவிட்டதாக எண்ணித் தொழிலாளி மேலும் இறங்கும் இடமே உயிருக்கு உலை வைக்கும் இடமாகின்றது. மீத்தேன் காற்றில் 5 விழுக்காட்டை எட்டினால் தீப்பற்றி வெடிக்கலாம். வெளிக்காற்றில் சுமார் 21 விழுக்காடு உள்ள பிராணவாயு, மூடிய குழிக்குள் வெகுவாகக் குறைந்திருக்கும். முன்னவரைக் காப்பாற்ற இறங்குபவரும் மடிவது இதனால்தான். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் ஆள்நுழை குழியில் இறங்கிய இரு தொழிலாளரும், அவர்களைக் காக்க முனைந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் உயிரிழந்த நிகழ்ச்சி இதற்குச் சான்று.

இவ்விவரங்களை அறிந்த குழு, 'மனிதர் உள்ளே இறங்காமலேயே, இன்ன அளவுள்ள வாய் வழியாக, இன்ன வகைக் கழிவை, இத்தனை நேரத்தில் அகற்றுவதே எங்கள் இலக்கு' என்று ஒரே வாக்கியத்தில் கூற முடியும். அந்த ஒரு வாக்கியம் முழு எடுத்துரைப்பையும் தாங்கி நிற்கும்.

இரண்டு முன்னுதாரணங்கள்

முதலாவது, கேரளத்தைச் சேர்ந்தது. குற்றிப்புறத்திலுள்ள எம்.இ.எஸ். பொறியியற் கல்லூரியில் பயின்ற விமல் கோவிந்த், ராஷித், நிகில், அருண் ஜார்ஜ் முதலியோர், மனிதர் உடலில் அணிந்து கொண்டு பெரும் பாரம் தூக்க உதவும் இயந்திரச் சட்டகம் ஒன்றை மாணவப் பருவத்தில் உருவாக்கினர். கண்காட்சிகளில் காண்போரை வியக்க வைக்கக்கூடிய படைப்பு அது. ஆயின் அவர்களுக்கு நிலையான இடத்தைத் தேடித் தந்தது அதுவன்று. கோழிக்கோட்டு நிகழ்ச்சிக்குப் பின்னர் அவர்கள் தம் திறமையைச் சாக்கடைத் துப்புரவின் பக்கம் திருப்பினர். கேரள ஸ்டார்ட்-அப் மிஷன், கேரள நீர் ஆணையம் ஆகியவற்றின் துணையுடன், 'பாண்டிகூட்' என்னும் தானியங்கி இயந்திரம் 2018-இல் திருவனந்தபுரத்தில் பயன்பாட்டுக்கு வந்தது.

பாண்டிகூட் என்பது பெருச்சாளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். 'பன்றி எலி' எனப் பொருள்படும் தெலுங்குச் சொல்லின் திரிபு அது. இயந்திரம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒரு பகுதி தரையில் குழியின் வாயருகே நிற்கும்; மற்றொன்று மடங்கும் கால்களுடன் உள்ளே இறங்கும். உள்ளே செல்லும் பகுதியில் படக்கருவியும், நச்சு வாயுக்களை உணரும் கருவிகளும், கழிவை அள்ளும் கையும் உள்ளன. இயக்குபவர் மேலே நின்று திரையைப் பார்த்தபடி வேலை செய்யலாம். முன்பு குழியில் இறங்கிய தொழிலாளருக்கே இதனை இயக்கும் பயிற்சி அளிக்கப்பட்டதுதான் இத்திட்டத்தின் தனிச்சிறப்பு. தமிழ்நாட்டில் கும்பகோணம், கோயம்புத்தூர் முதலிய நகரங்களுக்கும் இவ்வியந்திரம் சென்றது.

இரண்டாவது, சென்னையைச் சேர்ந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் வழிகாட்டலில் திவான்ஷு குமார் என்னும் மாணவர் தம் முதுநிலை இறுதியாண்டுத் திட்டப்பணியாக, கழிவுத் தொட்டிகளைத் தூய்மை செய்யும் கருவி ஒன்றை வடிவமைத்தார். 'ஹோமோசெப்' எனப்படும் இக்கருவி 2019-இல் அக்கழகம் நடத்திய கார்பன் ஜீரோ சேலஞ்ச் போட்டியில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

இதன் அமைப்பு கருதத்தக்கது. கழிவுத் தொட்டியின் வாய் குறுகியது, உட்புறமோ அகன்றது. வாய் வழியே நுழையும் அளவுக்குச் சிறிய கருவி, உள்ளே உள்ள பரப்பு முழுவதையும் எட்டாது. ஆகவே, மடக்கிய நிலையில் நுழைந்து, உள்ளே சென்றதும் கவிழ்த்த குடைபோல் விரியும் சுழல் தகடுகள் இதில் பொருத்தப்பட்டன. இறுகிய படிவத்தைத் தகடுகள் கலக்கிக் குழம்பாக்க, உறிஞ்சுகுழாய் அதனை வெளியேற்றும். களத்தின் ஓர் எளிய அளவை, கருவியின் வடிவத்தையே தீர்மானித்ததற்கு இது நல்ல சான்று. பின்னர், சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பின் துணையுடன் தமிழ்நாட்டில் இக்கருவிகள் வழங்கப்பட்டபோது, கழிவுத் தொட்டிப் பணியில் கணவரை இழந்த பெண்கள் தலைமை வகிக்கும் சுய உதவிக் குழுக்கள் அவற்றைப் பெற்றன. 2022-இல் இச்செய்தி வெளியாயிற்று. போட்டி மேடைக்கும் இந்நிலைக்கும் இடையே மூன்றாண்டு உழைப்பு இருந்தது என்பதை மாணவர் மறத்தலாகாது.

பத்து நிமிடங்களின் பகுப்பு

போட்டிகளில் ஒரு குழுவுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. பத்து நிமிடம் என்று கொண்டால், அதனை இவ்வாறு பகுக்கலாம். முதல் இரண்டு நிமிடங்கள் பிரச்சினைக்கு உரியவை: இடம், பாதிக்கப்படுவோர், குழு தானே எடுத்த அளவைகள். அடுத்த ஒரு நிமிடத்தில், இன்று கையாளப்படும் முறைகளையும் அவற்றின் குறைகளையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முன்னரே உள்ள கருவிகளை அறியாதது போலக் காட்டிக்கொள்ளும் குழு, முதல் வினாவிலேயே மதிப்பை இழக்கும். பின்னர் மூன்று நிமிடச் செயல்விளக்கம். எஞ்சிய நேரத்தில் சோதனை முடிவுகளுக்கு இரண்டு நிமிடமும், செலவுக்கு ஒரு நிமிடமும், கருவியால் இயலாதவற்றுக்கும் அடுத்த கட்டப் பணிக்கும் ஒரு நிமிடமும் ஒதுக்கலாம்.

சோதனை முடிவுகளைக் கூறும்போது வெற்றிகளை மட்டும் எண்ணிக் காட்டுவது தவறு. எத்தனை முறை சோதிக்கப்பட்டது, எத்தனை முறை கருவி நின்றது, நின்றதன் காரணம் என்ன, அதன்பின் எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்னும் வரலாறு, குறையே இல்லை என்னும் கூற்றைவிட நடுவரின் நம்பிக்கையை எளிதில் பெறும். வாளித் தண்ணீரில் செய்த சோதனையைச் சாக்கடையில் செய்ததாகத் தோன்றும்படி பேசுதல் கூடாது. செயல்விளக்கத்தின்போது கருவி பழுதாவது இயல்பே. அதற்கென முன்னரே எடுத்த ஒளிப்பதிவைக் கைவசம் வைத்திருந்து, அது பதிவு என்பதைச் சொல்லியே காட்ட வேண்டும்.

பணிப் பகிர்வும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். ஒருவர் பேச, இருவர் கருவியை இயக்க, ஒருவர் நேரத்தைக் கவனிக்க, ஏனையோர் வினாக்களைக் குறித்துக்கொள்ளலாம். எனினும் ஆறு பேரும் முழுத் திட்டத்தையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. மாணவியைச் சேர்க்க வேண்டும் என்னும் விதியை நிறைவேற்றுவதற்காக மட்டும் ஒருவரைச் சேர்த்து, அவரை வரவேற்புரையோடு நிறுத்திவிடும் வழக்கம் நீங்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் உரை, வினா எழும்போது துணை நிற்பதில்லை. தாய்மொழியில் சிந்தித்துத் தெளிந்த கருத்தை எம்மொழியிலும் எளிமையாகக் கூறலாம். சாலையில் தமிழிலும் மலையாளத்திலும் பேசும் தொழிலாளியிடம் அவர் மொழியில் கேட்டறியாத விவரத்தை, ஆங்கில உரை ஈடு செய்ய இயலாது.

நடுவர்களின் வினாக்கள்

அனுபவமிக்க நடுவர்கள் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் ஒரே தன்மையுடையவை. இக்கருவியை இயக்கப் போவது யார்? எத்தனை நாள் பயிற்சி தேவை? தகடு உடைந்தால் உள்ளூர்ப் பட்டறையில் செய்துகொள்ள முடியுமா, வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டுமா? விலையைத் தருவது நகராட்சியா, ஒப்பந்தக்காரரா, தொழிலாளர் கூட்டுறவா? அகற்றிய கழிவு எங்கே செல்லும்? மழை பெய்யும்போது என்ன ஆகும்? இப்போது இவ்வேலையைச் செய்பவரின் பிழைப்பு என்னாகும்?

இவற்றுள் கடைசி வினாவே மாணவர்களை மிகுதியாகத் தடுமாறச் செய்வது. இயந்திரம் ஒருவரின் உயிரைக் காத்து, அவருடைய கூலியைப் பறித்துவிடுமானால், தீர்வு பாதியளவே ஆகும். மேற்கூறிய இரு முன்னுதாரணங்களும் இவ்வினாவுக்கு விடை கண்டதனாலேயே வேரூன்றின. விடை தெரியாத வினாவுக்கு 'அதனை நாங்கள் இன்னும் சோதிக்கவில்லை' என்று கூறுவதில் இழுக்கில்லை. ஊகத்தை உண்மைபோல் உரைப்பதில்தான் இழுக்கு.

காப்புரிமை பற்றிய எச்சரிக்கை

போட்டி மேடை பொதுவிடம் என்பதைக் குழுக்கள் மறந்துவிடுகின்றன. 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, விண்ணப்பிக்கும் முன் வெளிப்படுத்தப்பட்ட கண்டுபிடிப்பு, புதுமை என்னும் தகுதியை இழக்க நேரலாம். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகள், கற்றறிந்தோர் கழகத்தில் படிக்கப்பட்ட கட்டுரைகள் போன்ற சிலவற்றுக்கு 31-ஆம் பிரிவு 12 மாத விலக்கு அளிக்கின்றது. எல்லாப் போட்டிகளும் அவ்விலக்கில் அடங்குவதில்லை. ஆகவே, மேடையேறுமுன் தற்காலிக விவரக் குறிப்புடன் விண்ணப்பித்து வைப்பது நலம். முழு விவரத்தை 12 மாதங்களுக்குள் அளிக்கலாம். கல்வி நிறுவனங்களுக்கான கட்டணம் 2021-ஆம் ஆண்டு விதித் திருத்தத்தால் 80 விழுக்காடு குறைக்கப்பட்டுள்ளது. உரிமை மாணவருக்கா, கல்லூரிக்கா என்பதையும் எழுத்து மூலம் முன்னரே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

போட்டிக்குப் பின்: அலுவலரின் பங்கு

மாணவர் செய்ய வேண்டியவை இவை. அலுவலர் செய்ய வேண்டியவையும் உள. பிரச்சினையை வெளியிடும் துறை, அதனைக் களத்தில் காணும் வாய்ப்பையும் மாணவருக்கு அளிக்க வேண்டும். பொறியாளர் ஒருவரையும் துப்புரவு மேற்பார்வையாளர் ஒருவரையும் தொடர்புக்கு நியமித்து, பாதுகாப்பான சோதனைக்கு ஒரு குழியையோ தொட்டியையோ ஒதுக்கினால், குழுவின் உழைப்பு பன்மடங்கு பயன் தரும். மாணவர் எவரும் சாக்கடைக்குள் இறங்காதபடி பார்த்துக்கொள்வதும் அத்துறையின் பொறுப்பு. வெற்றி பெற்ற முன்மாதிரியைச் சிறு அளவில் வாங்கிச் சோதிக்க நிதி வழியும் வேண்டும். புதுத்தொழில் நிறுவனங்களிடமிருந்து அரசுத் துறைகள் நேரடியாகக் கொள்முதல் செய்யக் கேரள அரசு வகுத்த வழி, பாண்டிகூட் போன்ற முயற்சிகளுக்கு ஊக்கமளித்தது.

சட்டத்தின் கட்டளையும் இதனை வலியுறுத்துகின்றது. கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்தத் தடையும் அவர்களுக்கு மறுவாழ்வும் என்னும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், ஆபத்தான முறையில் சாக்கடையையும் கழிவுத் தொட்டியையும் சுத்தம் செய்விப்பதைத் தடை செய்கின்றது. சாக்கடையில் உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. துப்புரவுப் பணியை இயந்திரமயமாக்கும் 'நமஸ்தே' என்னும் மத்தியத் திட்டமும் செயற்படுத்தப்படுகின்றது. சட்டம், நிதி, தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் உள்ள நிலையிலும் 2024-இல் ஆமையிழஞ்சான் தோட்டில் ஓர் உயிர் போயிற்று. இயந்திரம் நகரில் இருப்பது வேறு, அது உரிய இடத்தில் உரிய வேளையில் பணியில் இருப்பது வேறு என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

எனவே, அடுத்த போட்டிக்கு ஆயத்தமாகும் குழு, தன் முதல் படத்தில் இயந்திரத்தின் உருவத்தை வைப்பதற்கு முன், அதனைப் பயன்படுத்தப் போகும் தொழிலாளியின் வேலை நாளை விளக்குமாயின், அதுவே சிறந்த தொடக்கமாகும். அவ்வெடுத்துரைப்பைக் கேட்கும் அலுவலர், பரிசை அளித்தபின் சோதனைக்கான இடத்தையும் நாளையும் குறித்துக் கொடுப்பாராயின், மாணவரின் உழைப்பு நகரின் உடைமையாகும் என்பதில் ஐயமில்லை.